விடுப்பில் ஊருக்கு வந்தால் வருமான வரித் தளத்தில் முடிக்க வேண்டியவை

விடுப்பில் வரும் என்ஆர்ஐகள் பலர் ரிட்டர்ன் போடுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். அதை வெளிநாட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். ஊரில் இருக்கும்போது முடிக்க வேண்டியவை வங்கிக் கிளையும் இந்திய சிம்மும் இல்லாமல் நகராத வேலைகள்.

முதலில் வங்கிக் கணக்கு. ரீஃபண்ட் வர வேண்டுமென்றால் கணக்கை இ-ஃபைலிங் தளத்தில் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் இடறுவது இங்கேதான், காரணம் இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். பாஸ்புக்கில் ஒற்றை எழுத்தோடு முடிந்திருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று தளம் தள்ளிவிடும். திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை, கிளைக்குப் போய் பான் நகலோடு கேஒய்சி திருத்தம் கொடுக்க வேண்டும். அது ஏற நாளாகும் என்பதால் வந்த வாரமே போவது நல்லது.

அடுத்தது பான். ஆதாரோடு இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. என்ஆர்ஐகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் துறையின் பதிவில் நீங்கள் இன்னும் உள்ளூர்வாசி என்றிருந்தால் அந்த விலக்கு உங்களுக்கு வந்து சேராது. உங்கள் வரி அதிகாரி யார் என்பதை லாகின் செய்யாமலே முகப்புப் பக்கத்தில் பார்க்கலாம். பாஸ்போர்ட் நகலோடு அவருக்கு எழுதி நிலையை மாற்றக் கேட்க வேண்டும். செயலிழந்த பானிலும் ரிட்டர்ன் போக்குக் காட்டாமல் ஏறிவிடும், ரீஃபண்ட் மட்டும் நின்றுவிடும். அதனால்தான் பலருக்கு விஷயமே தாமதமாகத் தெரிகிறது.

படிவத்தில் ஐடிஆர் 1 என்ஆர்ஐகளுக்குக் கிடையாது. வட்டி, வாடகை, சொத்து விற்ற லாபம் என்றால் ஐடிஆர் 2. என்ஆர்ஓ கணக்கில் (இந்திய வருமானத்துக்காக என்ஆர்ஐகள் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) போட்ட வைப்பின் வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிப்பார்கள். 1 லட்சம் வட்டிக்கு 31,200 ரூபாய். வேறு வருமானம் இல்லாதவருக்கு இதெல்லாம் திரும்பி வர வேண்டிய பணம். '12 லட்சம் வரை வரியில்லை' என்ற பேச்சை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது உள்ளூர்வாசிகளுக்கான தள்ளுபடி. புதிய வரி முறையில் என்ஆர்ஐகளான நமக்கு முதல் 4 லட்சத்துக்குத்தான் வரியில்லை.

உங்கள் வருமானமும் பிடித்த வரியும் துறையின் பதிவில் எப்படி இருக்கின்றன என்று காட்டும் ஏஐஎஸ் அறிக்கையின் பிடிஎஃப் திறக்கவில்லையா? கடவுச்சொல், சிறிய எழுத்தில் பான், அதை ஒட்டி எட்டு இலக்கத்தில் பிறந்த தேதி.

ரிட்டர்ன் தாக்கல் செய்த 30 நாளுக்குள் அதை இ-வெரிஃபை செய்யாவிட்டால், அதாவது உங்களுடையதுதான் என்று ஆன்லைனில் உறுதி செய்யாவிட்டால், பட்ட பாடு வீண். ஆதார் ஓடிபி, ஆதாரில் பதிந்த எண்ணுக்கே போகும். ரீசார்ஜ் இல்லாமல் அந்த சிம் போயிருந்தால் ஊரில் இருக்கும்போதே ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிடுங்கள். இல்லையேல் நெட் பேங்கிங் வழி. அதுவும் இல்லையென்றால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு மையமான சிபிசிக்கு, அதே 30 நாளுக்குள் போய்ச் சேரும்படி தபாலில் அனுப்ப வேண்டும்.

உதவிக்கான 1800 எண்களை வெளிநாட்டிலிருந்து நம்ப முடியாது. தளத்தின் தொடர்புப் பக்கத்தில் உள்ள, 080-இல் தொடங்கும் பெங்களூரு எண்களைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.