கர்ப்ப காலத்தில் நூடுல்ஸ்: பொட்டலமா, கடையா, வீட்டுச் சமையலா?

நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்று கர்ப்பிணி ஒருவர் ஆசைப்பட்டால், வீட்டில் உள்ளவர்கள் முதலில் எழுப்பும் ஆட்சேபம் பெரும்பாலும் அஜினோமோட்டோவைப் பற்றியதாகவே இருக்கிறது. சமையலில் வழக்கமாகச் சேர்க்கும் அளவில் அது கருவைப் பாதிக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை; பழுத்த தக்காளியிலும் இயற்கையாகவே உள்ள குளுட்டமேட் என்ற சுவைப்பொருள்தான் அதிலும் இருக்கிறது. நூடுல்ஸில் உப்பின் வழியே எவ்வளவு சோடியம் இருக்கிறது, கூடவே என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது, வெந்த பிறகு எத்தனை நேரம் வெளியே கிடந்தது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

பொட்டல நூடுல்ஸை முதலில் எடுத்துக்கொள்வோம். கொதிக்கும் நீரில் வெந்து உடனே தட்டுக்கு வருவதால், கிருமி விஷயத்தில் இது பாதுகாப்பானது. இதன் குறை சத்துக் கணக்கில் இருக்கிறது. 70 கிராம் பொட்டலம் பலவற்றில் 800 முதல் 1000 மில்லிகிராம் வரை சோடியம் உள்ளது. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இப்போது பரவலாகக் கிடைக்கும் பெரிய கொரியப் பொட்டலங்கள் பலவற்றில் இந்த அளவு 1500-ஐயும் தாண்டுகிறது, அவற்றின் காரமோ ஏற்கெனவே உள்ள நெஞ்செரிச்சலைக் கூட்டிவிடுகிறது. உப்பைக் குறைத்தால் கர்ப்பகால ரத்த அழுத்தம் வராமல் தடுத்துவிடலாம் என்று சொல்ல முடியாது என்றாலும், ஒரே சிற்றுண்டியில் நாளின் பாதி வரம்பைத் தொடுவது நல்லதல்ல. பெரும்பாலான பொட்டலங்களில் மைதாக் கட்டி எண்ணெயில் பொரித்தே வருகிறது, புரதமோ ஆறேழு கிராம்தான் இருக்கிறது.

2015 ஜூனில் ஈயத்தின் அளவு 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு) வரம்பை மீறியதாகக் கூறி மேகி நூடுல்ஸுக்கு விதிக்கப்பட்ட தடை பலருக்கும் நினைவிருக்கும். ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடையக்கூடியது என்பதால், கர்ப்பிணிகள் அப்போது அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. அதில் ஈயம் வரம்புக்குள் இருப்பது தெரிந்த பிறகே விற்பனை மீண்டும் தொடங்கியது.

மாலை நேர ஃபாஸ்ட் ஃபுட் கடை நூடுல்ஸைத்தான் மூன்றிலும் கடைசி இடத்தில் வைக்கிறேன். பல கடைகளில் நூடுல்ஸை முன்கூட்டியே வேகவைத்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் புரட்டி, பாத்திரத்தில் குவித்து வைத்துவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும் பெரிய தீயில் இரண்டொரு நிமிடம் புரட்டித் தருகிறார்கள். அறை வெப்பநிலையில் கிடக்கும் வெந்த மாவுப்பொருளில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகக்கூடும். அது உண்டாக்கும், வாந்தியை வரவழைக்கும் நச்சு ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்கிற சூட்டிலும் சிதையாது. ஆகவே, 'கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்கப் போட்டுத் தந்தார்கள்' என்ற ஆறுதல் இங்கே செல்லாது. முதலிலேயே பொரித்து வைத்த கோழித் துண்டுகளும் அந்தச் சில நிமிடங்களில் உள்வரை சூடாவதில்லை. ஏற்கெனவே மசக்கையால் உடல் நீரை இழந்திருக்கும் பெண்ணுக்கு உணவு நஞ்சும் சேர்ந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாகிவிடும்.

ஜப்பானிய ராமென் பரிமாறும் உணவகங்களில் சிக்கல் வேறு வகையானது. அரைவேக்காட்டு முட்டையும், பச்சையாகத் தூவும் முளைப்பயறும் கர்ப்பிணிக்கு ஆகாதவை. முட்டையை முழுவதும் வேகவைத்துத் தரச் சொல்லி, முளைப்பயறைச் சூப்பிலேயே கொதிக்கவைக்கச் சொன்னால் போதும்.

வீட்டில் சமைப்பதற்கே நான் முதலிடம் தருவேன், காரணம் சுவையன்று. வேகவைத்த நேரமும் போட்ட உப்பும் சமைப்பவர் கையில் இருக்கின்றன. எண்ணெயில் பொரிக்காத, உலர்த்திய ஹக்கா நூடுல்ஸை வேகவைத்து, நீரை வடித்துவிட்டு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸுடன் ஒரு முட்டையை உதிரியாகும் வரை வறுத்துச் சேர்த்தால், முட்டையிலிருந்து மட்டுமே ஆறு கிராமளவு புரதம் கிடைக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட நாளுக்கு 22 கிராம் புரதம் கூடுதலாகத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் பரிந்துரைத்திருப்பதை எண்ணினால் இது சிறு உதவியன்று. சோயா சாஸைத் தேக்கரண்டிக் கணக்கில் மட்டும் ஊற்ற வேண்டும், ஏனெனில் அதிலும் சோடியம் மிகுதி. பொட்டலத்தைத்தான் விரும்புகிறார் என்றால், தனி நீரில் வேகவைத்து வடித்து, மசாலாப் பொடியில் பாதியை மட்டும் போடலாம்.

நூடுல்ஸுக்கு மாற்றாகச் சேமியாவோ இடியாப்பமோ கொடுத்துவிட்டு நிம்மதி அடைவோரும் உண்டு. பொரித்த எண்ணெயும் மசாலா உப்பும் இல்லாத அளவுக்கு அவை மேலானவை. ஆனால் கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டியவர்களுக்கு, மைதாச் சேமியாவுக்கும் நூடுல்ஸுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அளவைக் குறைத்து, காயையும் முட்டையையும் கூட்டினால்தான் பயன் உண்டு.

மிச்சம் வைப்பதிலும் கவனம் தேவை. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறுநாள் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கியே சாப்பிட வேண்டும், ஏனெனில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா அந்தக் குளிரிலும் வளரக்கூடியது. தாய்க்கு அது லேசான காய்ச்சலாகவும் உடல்வலியாகவும் மட்டுமே தெரியலாம், ஆனால் கருச்சிதைவுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகக்கூடும். அறிகுறி தோன்றப் பல வாரங்களும் ஆகலாம் என்பதால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்த்து, சென்ற வாரங்களில் வெளியே சாப்பிட்டவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.