ஏத்தங்காய் சிப்ஸ் கடையும் என் தம்பியின் வேலையும்

குமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து அழகியமண்டபம் போகிற வழியில், பெரிய சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓடு போட்ட ஒரு சிப்ஸ் கடை இருக்கிறது. பெயரை நான் எழுதவில்லை. அங்கே வேலை செய்கிற ஒன்பது பேரில் ஆறு பேர் சிறையிலிருந்து வந்தவர்கள். அவர்களை வேடிக்கை பார்க்க ஆள் வருவது கடைக்காரருக்குப் பிடிக்காது. அந்த ஆறு பேரில் ஒருவன் என் தம்பி. ஆகவே இதை எழுதுகிறவள் நடுநிலையான ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் முந்திரி ஆலையில் இருபத்திரண்டு வருடமாகப் பருப்புத் தரம் பிரிக்கிறவள். 240 எது, 320 எது என்று விரலால் தொட்டே சொல்வேன். (ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண்.) தின்கிற பொருளின் தரத்தைப் பற்றித் தம்பிக்காகக்கூடப் பொய் எழுத எனக்கு வராது.

முதலில் சிப்ஸைப் பற்றிச் சொல்கிறேன். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், நன்றாக முற்றியிருக்க வேண்டும், ஆனால் பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. இனிப்பு ஏறிய காய் எண்ணெயில் விழுந்ததும் கருத்துப்போகும். இங்கே குலை வந்த அன்றைக்கே சீப்புச் சீப்பாக அறுத்துத் தோலுரித்து விடுகிறார்கள். உரித்த காயை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் போட்டுக் கறை போக்குகிறார்கள். அப்புறம் துடைத்து எடுத்து, காய்கிற தேங்காய் எண்ணெய்க்கு நேர் மேலே கட்டையைப் பிடித்துக்கொண்டு நேராக எண்ணெயிலேயே சீவுகிறார்கள். முன்கூட்டிச் சீவி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றுவார்கள். எண்ணெய் சீறி, நுரைத்துப் பொங்கி, மெல்ல அடங்கும். அடங்கின பிறகு புரட்டும்போது சருகை மிதித்த மாதிரிச் சத்தம் கேட்க வேண்டும். அப்போது அள்ளினால் சரி. பத்து நொடி முந்தினால் மறுநாள் நமுத்துவிடும், பத்து நொடி பிந்தினால் கசக்கும். அந்தச் சத்தத்தைப் பிடிக்க என் தம்பிக்கு நாலு மாதம் ஆனது.

2025-ல் தேங்காய் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது நான் வழக்கமாக வாங்கிய வேறொரு கடையில் சத்தமில்லாமல் பாமாயிலுக்கு மாறினார்கள். நாக்கில் ஒரு மெழுகுப் பூச்சு நிற்கும், அதில் தெரிந்துவிடும். இந்தக் கடை மாறவில்லை, விலையைத்தான் ஏற்றியது. கால் கிலோ 150 ரூபாய் கொடுத்து வாங்குகிறேன். கனம் ஒரே சீராக இருக்கிறது, பொடிசு குறைவு, பன்னிரண்டாம் நாளும் மொறுமொறுப்பு போகவில்லை. வெல்லப் பாகில் புரட்டிய சர்க்கரை வரட்டி மட்டும் அவ்வளவு நன்றாக இல்லை. பாகு முற்றிப்போய்ப் பல்லில் ஒட்டுகிறது, சுக்கு போதாது. மிளகாய்ச் சிப்ஸில் உப்பு கூடுதல். இரண்டையும் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

2019-ல் ஓர் அடிதடி வழக்கில் அவன் உள்ளே போனான். தப்பு அவனுடையதுதான். அடிபட்டவரின் கை இன்றைக்கும் முழுசாக மடங்காது. அதை மறைத்து எழுத எனக்கு உரிமையில்லை. தண்டனை முடிந்து 2023-ல் பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்து வெளியே வந்தான். உள்ளே இருந்த காலமெல்லாம் அவனுக்குத் தினமும் ஒரு வேலை இருந்தது. பாளையங்கோட்டைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சிறைத்துறை நடத்துகிற பெட்ரோல் பங்க்கூட இருக்கிறது, சிறைவாசிகளே பெட்ரோல் போடுகிறார்கள். கேட்டுக்கு வெளியே வந்த அன்றைக்குத்தான் அவன் வேலையில்லாத ஆள் ஆனான்.

வேலை தேடுவதற்கு முன்னால் இன்னொரு தொல்லை வந்தது. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். நாலு வருடம் ரீசார்ஜ் செய்யாத அவனுடைய செல் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. ஆதாரோடு இணைத்திருந்தது அந்த நம்பர்தான். ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போகிறது. இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாததால் வங்கிக் கணக்கும் செயல்படாத கணக்காகக் கிடந்தது. சம்பளத்தைக் கணக்கில் போடுகிற எந்த இடத்திலும் இவனால் சேர முடியாது. புது சிம் வாங்கி, ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து நம்பரை மாற்றி, அதற்குப் பிறகு வங்கியில் மறுபடி அடையாளம் காட்டி, எல்லாம் முடிய ஏழு வாரம். உங்கள் வீட்டில் யாராவது வெளியே வரப்போகிறார்கள் என்றால், முதல் வாரத்தில் இந்த வேலையைத்தான் செய்யுங்கள்.

அப்புறம் மூன்று இடங்களில் சேர்ந்து பார்த்தான். ஒரு குடோனில் பதினோரு நாள் இருந்தான். வேறு ஏதோ விஷயமாக விசாரிக்க இரண்டு போலீஸ்காரர்கள் அங்கே வந்தார்கள், இவனைப் பார்த்து 'நீ இங்கேயா இருக்கே' என்று கேட்டார்கள். சாயங்காலம் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். காவலாளி வேலைக்கு ஆள் எடுக்கிற ஓரிடத்தில் காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்டார்கள், அதோடு முடிந்தது. கான்கிரீட் வேலைக்குப் போன இடத்தில் யாரும் போகச் சொல்லவில்லை. மதியம் சாப்பிட உட்காரும்போது மட்டும் இவனுக்கு இரண்டு பக்கமும் காலியாக இருக்கும். மூன்றாவது வாரம் இவனாகவே நின்றுவிட்டான். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அந்த வழியும் இவனுக்கு அடைபட்டது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், 1967-ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மறுக்கப்படும். இவனுடைய வழக்கு அதில் வருமா வராதா என்று வாதாட எங்களிடம் பணமும் இல்லை, தெம்பும் இல்லை.

உள்ளே இவனோடு இருந்த ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனான். கடைக்காரர் மஸ்கட்டில் பதினாறு வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கூட நானும் போயிருந்தேன். என்ன வழக்கு என்று கேட்பார், என்ன சொல்வது என்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டு போனோம். அவர் கேட்டது இவ்வளவுதான்: "மக்கா, கோர்ட்டுத் தேதி ஏதாவது பாக்கி கெடக்கா? குடி உண்டா?" அப்புறம் ஒரு குலையைக் காட்டி, அறுக்கச் சொன்னார்.

ஏன் முதலில் கோர்ட்டுத் தேதியைக் கேட்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. 2022-ஆம் வருட அரசுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அப்படியானால் வெளியே வந்து வேலை கேட்கிறவர்களில் நிறையப் பேர் ஜாமீனில் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு வழக்கு முடியவில்லை. பத்மநாபபுரத்திலோ இரணியலிலோ குழித்துறையிலோ வாய்தா இருக்கும். தினமும் காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். எட்டு மணிக்கு ஆள் வரவேண்டும் என்கிற வேலையில் அவர்கள் எப்படி நிலைப்பார்கள்? ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடியாணை வரும், போனால் வேலை போகும். இந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. யாருக்கு எந்த நாள் வாய்தா என்று அதில் சிவப்பு மையில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார். அந்த நாளுக்கு அரைச் சம்பளம். கையெழுத்துப் போடுகிறவர்கள் பதினொன்றரைக்கு வந்தால் போதும், சாயங்காலம் கூடுதலாக நிற்பார்கள். புதிதாக ஒருவர் சேரும்போது இவரே காவல் நிலையத்துக்குப் போய், இன்னார் என்னிடம் வேலை செய்கிறார் என்று சொல்லிவிட்டு வருகிறார். போலீஸ் கடைக்கு வந்தால் இவர் எழுந்து வெளியே போய் வாசலில் நின்று பேசுகிறார். உள்ளே இருப்பவன் தலைநிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை. என் தம்பி இங்கே நிலைத்ததற்குக் காரணம் என்னவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் மாதம் தினக்கூலி, சாயங்காலமே கையில் கொடுத்துவிடுகிறார். மாதச் சம்பளம் வரும்வரை காத்திருக்க அவர்களிடம் காசு இருக்காதே. இரண்டாம் மாதத்திலிருந்து வாரச் சம்பளம், கணக்கில். கல்லாவில் நிற்க விருப்பமில்லாதவர்களை நிற்கச் சொல்வதில்லை. ஒருவர் எப்போதும் சாலைக்கு முதுகு காட்டியே உட்கார்ந்து தோலுரிக்கிறார், அவரை யாரும் திரும்பச் சொல்வதில்லை.

எல்லோரும் நிலைத்துவிட்டார்கள் என்று எழுதினால் பொய். ஒருவர் ஓணத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர் வரவில்லை. இன்னொருவர் குடித்துவிட்டு வந்தார், வீட்டுக்கு அனுப்பி மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மறுபடியும் அப்படியே வந்ததால் நிறுத்திவிட்டார்கள். சூடான எண்ணெய் பக்கத்தில் வேறு வழியில்லை.

இப்போது என் குறை. அக்கம்பக்கத்தில் இதே வேலைக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய் கொடுக்கிறார்கள், இவர் 700 கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "கோர்ட்டு நாளைக்கும் கொடுக்கேன் தங்கச்சி, ரெண்டும் ஒத்துப்போவும்" என்றார். வாய்தா உள்ளவர்களுக்கு அது சரி. தண்டனை முடிந்து வந்த என் தம்பிக்கு எந்தக் கோர்ட்டு நாள்? சிறைக்குள்ளே கடுங்காவலில் வேலை செய்கிறவருக்கே நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998-ல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளியே வந்தவனுக்கு, வேறு யார் வேலை தருவார் என்பதற்காகக் கூலி குறையக் கூடாது. இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். ஒரு வருடம் கழிந்தவர்களுக்கு 50 ரூபாய் கூட்டியிருக்கிறார். மீதி ஐம்பதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. அவர் நல்லவர் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஆலையில் ஒரு டப்பா கொண்டுபோய்ப் பங்கிட்டுச் சாப்பிடுவது வழக்கம். எங்கே வாங்கியது என்று தெரிந்ததும் கூட வேலை செய்கிற ஒருத்தி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். இன்றுவரை தொடவில்லை. அவளுடைய அண்ணனை வெட்டிய ஆள் ஜாமீனில் வந்து அவள் ஊரிலேயே நடமாடுகிறான். நான் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. டப்பாவை அவள் பக்கம் நீட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

சொந்தமாகத் தொழில் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒன்று. சிறையிலிருந்து வந்தவர்கள் சிறு தொழில் தொடங்க உதவித்தொகை தருகிற ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள். சிப்ஸ் போட இரண்டு சட்டி, ஒரு கட்டை, ஒரு அடுப்பு போதும் என்று தம்பி இப்போது கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறான்.

போகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள், அப்போதுதான் இரண்டாவது சட்டி இறங்கும். வண்டி நிறுத்த இடமில்லை, சாலையிலேயே விட்டு நடக்க வேண்டும். ஓணத்துக்கு வேண்டுமென்றால் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவையுங்கள், போன ஓணத்துக்கு எனக்கே இரண்டு நாள் பிந்தித்தான் கிடைத்தது. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா எடுத்துப்போனால் நல்லது, அவர்களுடைய கவர் சரியாக ஒட்டுவதில்லை. சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துவிடும். போன சனிக்கிழமைகூட நான் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது உள்ளே சட்டிப் பக்கமிருந்து தம்பி கத்தினான்: "யக்கா, மூடியைத் திறந்து வச்சுக் கொண்டுபோ, வீடு போய் மூடு!"