கிராண்ட் கேன்யன் காலப் பாதை: நடந்தே பாருங்கள்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில், யாவபாய் அருங்காட்சியகத்தில் தொடங்கும் இந்தப் பாதையில் ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் ஆண்டு பின்னே போகிறோம். அந்தந்த வயது வரும் இடத்தில் அந்தப் பாறையையே வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். விளிம்பில் நாம் மிதிக்கும் கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு 27 கோடி ஆண்டு. கடைசிப் பக்கம் வரும் எல்வ்ஸ் கேசம் நைஸ் என்ற பாறைக்கு 184 கோடி!

“இதையெல்லாம் யாரு பார்த்து எண்ணினாங்க?” என்றார் அம்மா. நியாயமான கேள்வி. பாறையில் இருக்கும் சிர்க்கான் என்ற கனிமத்தின் சிறு மணிகளுக்குள் யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது. பாதி சிதைய 447 கோடி ஆண்டு. இரண்டும் இருக்கும் விகிதத்திலிருந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். சொன்னதும் அம்மா அந்தக் கல்லை மறுபடி தடவிப் பார்த்தார்.

பூங்கா நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தனியாக எதுவும் கிடையாது. சுமார் 2 கிலோமீட்டர்தான், அவசரப்படாதீர்கள். அப்புறம், தண்ணீர் அவசியம்.