எவல்யூஷன்: மூன்று வருடமாக எங்கள் வீட்டுக் குட்டை வற்றிக் கிடக்கிறது

போன வாரம் நங்கையா போன் செய்தார். என் கணவரின் அக்கா. "ஏங்கண்ணு, நீங்கெல்லாம் விளையாடுவீங்களே, அந்த மிருக அட்டை விளையாட்டு, அது விலை எறங்கியிருக்குதாமா. பசங்களுக்கு லீவு வருது, வாங்கலாமா?" என்றார். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவல்யூஷன் 2014இல் வந்த விளையாட்டு. அதற்கும் மூலம் 2010இல் ரஷ்யாவில் வந்த ஒன்று. 129 அட்டைகள், கொம்பு, நீண்ட கழுத்து என்று மிருகங்களுக்குக் கொடுக்க 17 வகைக் குணங்கள். விதிகளை எங்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், அதனால் விடுகிறேன். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கள் சின்னவள் ஒன்பது வயதிலேயே பிடித்துக்கொண்டாள். அட்டையில் இருப்பதெல்லாம் ஆங்கிலம் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தமிழில் சீட்டு எழுதி பிளாஸ்டிக் உறைக்குள் சொருகி வைத்தோம். இரண்டு ராத்திரி வேலை. அவள் தன் மிருகங்களுக்குக் காரி, செவலை, மயிலை என்று பெயர் வைப்பாள். கொம்பு அட்டை விழுந்த மிருகம் எப்போதும் காரிதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடுபுலி ஆட்டத்தில் புலி யார், ஆடு யார் என்று கட்டம் போடும்போதே தெரியும். இதில் அட்டையைத் திருப்பும் வரைக்கும் தெரியாது. போன சுற்றில் பக்கத்தில் நின்று புல் மேய்ந்த ஆடு இந்தச் சுற்றில் நம்மையே கடிக்கும். கடித்தது யார் என்று பார்த்தால் பெற்ற பிள்ளையாக இருக்கும். ஒரு மிருகம் அழிந்துபோனாலும் அதன் மேல் இருந்த குணங்களின் எண்ணிக்கைக்கு ஈடாகப் புது அட்டை கிடைப்பதால், தோற்றவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. மூன்று வருடத்தில் ஒரே மாதிரி இரண்டு ஆட்டம் எனக்கு அமைந்ததில்லை.

அப்புறம் குட்டை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதில்தான்.

ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஓர் அட்டையை நடுவில் இருக்கும் குட்டையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அதில் இருக்கும் எண்களைக் கூட்டினால் வருவதுதான் அந்தச் சுற்றுக்கான தீனி. சில அட்டைகளில் கழித்தல் குறி இருக்கும். யார் எதை வைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது என்பதுதான் விதி. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கழித்தலை வைப்பது மாமா, என் மாமனார்.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கொடுமுடிப் பக்கம், கீழ்பவானிப் பாசனம், அதிலும் கடைமடை, வாய்க்காலின் கடைசி. பவானிசாகர் அணையில் இருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வருகிற வாய்க்கால். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். நம் முறை வந்தும் மேலே இருப்பவர்கள் மடையைத் திறந்து வைத்திருந்தால், மண்வெட்டியும் டார்ச்சுமாக ராத்திரி நடந்து போய் நியாயம் கேட்ட மனுசன். அந்த மேல்பக்கத்துத் தலைமடைக்காரர்களைப் பற்றி அவர் பேசினால் சாப்பாடு ஆறிவிடும்.

அந்த மாமாதான் நீண்ட கழுத்து அட்டையை விடவே மாட்டார். அந்தக் குணம் இருக்கும் மிருகம், குட்டை அட்டைகளைத் திருப்புவதற்கு முன்பே பொதுக் கையிருப்பில் இருந்து ஒன்றைத் தின்றுவிடும். அதோடு ஒத்துழைப்பு அட்டையைச் சேர்த்தால், வலப்பக்கத்து மிருகத்துக்கும் அதே இடத்தில் இருந்து ஒன்று. ஆக, குட்டை திறப்பதற்குள் அவர் மந்தைக்கு வயிறு ஓரளவு நிறைந்திருக்கும். அதன் பிறகு குட்டை வற்றினால் அவருக்கென்ன? வற்ற வைப்பதே அவர்தான். மேலே வளை தோண்டும் குணத்தையும் போட்டுக்கொள்வார். வயிறு நிறைந்த மிருகம் வளைக்குள் போய்விட்டால் ஊனுண்ணி தொட முடியாது.

"ஏனுங் மாமா, இப்படிப் பண்ணலாமா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"தலைமடையில இருந்து பாத்தாத்தான அம்மிணி தெரியுது, அவனுக எதுக்கு அப்பிடிப் பண்ணுனானுகன்னு" என்றார். முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி.

விளையாட்டைக் குறை சொல்ல முடியாது. இதற்கும் மருந்து வைத்திருக்கிறார்கள். குட்டை வற்றினால் மற்றவர்கள் ஊனுண்ணியாக மாற வேண்டியதுதான். அறிவு என்று ஒரு குணம் இருக்கிறது. கையில் இருக்கும் ஓர் அட்டையைத் தூக்கிப்போட்டால் எதிரியின் ஒரு பாதுகாப்பைத் தாண்டலாம். தீபாவளி சமயத்தில் பெரியவன் அதை வைத்து வளைக்குள் புகுந்து தாத்தாவின் நீள்கழுத்தை ஒரு கடி கடித்தான். வீடே கை தட்டியது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அத்தை கூட எட்டிப் பார்த்து, "நல்லா வேணும், வரப்புச் சண்டையை வீட்டுக்குள்ள கொண்டாந்தா" என்றார். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தின்றதைத் துணிப்பைக்குள் போட்டுவிட வேண்டும், போட்டதை யாரும் பிடுங்க முடியாது. கடைசியில் பையைக் கொட்டி எண்ணினால் அன்றைக்கும் மாமாவுக்கே 7 அதிகம். பையை எண்ணுவதற்கு முன்னால் கையில் தூக்கி எடை பார்ப்பார், மஞ்சள் மண்டியில் நிற்பது போல.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு வாங்கச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லைதான். அட்டைகள் இன்னும் கிழியவில்லை, கொடுத்த காசுக்கு நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியாகிவிட்டது. ஆனால் நேற்று ராத்திரி ஒரே சுற்றில் என் மிருகங்கள் மூன்றில் இரண்டு பட்டினியில் போய்ச் சேர்ந்தன. அதனால் சொல்கிறேன், வாங்காதீங்க நங்கையா. விலை பாதியாக இறங்கினாலும் வேண்டாம். எங்கள் பெட்டியையே எடுத்துக்கொண்டு போங்கள், லீவு முடிகிற வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.