சர்வரை ‘டியூன்’ செய்து தருகிறோம் என்றால் கொஞ்சம் பொறுங்கள்

கல்யாண வீடுகளுக்கு நேரலை போட்டுக் கொடுப்பது என் தொழில். 8 ஜிபி ரேம் உள்ள ஒரே சர்வர், டேட்டாபேஸும் அதிலேயே. ஒரு முகூர்த்த நாளில் வீடியோ திக்கித் திக்கி ஓடியது. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவைப் பார்த்தால் ‘டிசிபி: அவுட் ஆஃப் மெமரி’, அதாவது இணைய இணைப்புகளுக்கான நினைவகம் தீர்ந்தது என்று வரிசையாக விழுந்திருந்தது. எனக்கு கேமரா தெரியும், கர்னல் தெரியாது. ஒரு சர்வர் பராமரிப்பு நிறுவனத்துக்கு 6,000 ரூபாய் கட்டி ஒப்படைத்தேன்.

அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அந்த வரி பிறகு வரவேயில்லை. ஆனால் அடுத்த முகூர்த்தத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில், டேட்டாபேஸ் செத்தது. ரேம் தீர்ந்து கர்னலே அதைக் கொன்றிருந்தது. “ரேம் பத்தல சார், 16 ஜிபிக்கு மாறிடுங்க” என்றார்கள். மாறினேன். அதே கதைதான், இந்தத் தடவை பந்தி நடக்கும்போது.

எந்த நிரல் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், கணக்கு உதைத்தது. பல ஜிபி எந்த நிரலின் பெயரிலும் இல்லை. சாக்கெட் பஃபர்கள், அதாவது ஒவ்வொரு இணைப்பிலும் அனுப்பவும் பெறவும் தரவு காத்திருக்கும் இடங்கள், கர்னலின் நினைவகம். டாப்பில் தெரியாது, ரேம் நிறைந்தால் வட்டில் இடம் தரும் ஸ்வாப்புக்கும் போகாது. கர்னல் இந்தக் கணக்கைக் காட்டும் சாக்ஸ்டாட் கோப்பில் டிசிபி வரியின் கடைசி எண்ணை 4096 ஆல் பெருக்கினேன் (கர்னல் நினைவகத்தை 4096 பைட் துண்டுகளாக, ‘பக்கங்களாக’ எண்ணும்). காணாமல் போன ரேம் அங்கே இருந்தது.

அப்புறம் அவர்கள் போட்ட அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ஒரு இணைப்பின் பெறும் பஃபருக்கான டிசிபி_ஆர்மெம், எல்லா டிசிபி இணைப்புகளுக்கும் சேர்த்து வரம்பு வைக்கும் டிசிபி_மெம் இரண்டிலும் ஒரே மூன்று எண்கள், கடைசியானது உச்சம்: 4096, 87380, 16777216. முதலாவதுக்கு அளவு பைட். 16 எம்பி உச்சம். இரண்டாவதுக்கு அளவு பக்கம். ஒரு பக்கம் 4096 பைட். ஆக மொத்த டிசிபிக்கும் உச்ச வரம்பு 64 ஜிபி! என் சர்வரில் இருப்பதோ 16. கர்னல் தானாகக் கணக்கிட்டு வைத்திருந்தது ரேமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வரம்பைத் தொட்டதால்தான் முதலில் அந்த எச்சரிக்கை வந்தது. வேலியைப் பிடுங்கிவிட்டு மாடு கத்தவில்லை என்று காசு வாங்கியிருக்கிறார்கள்.

போதாததற்கு, ஒரு இணைப்பின் அனுப்பும் பஃபருக்கான டிசிபி_டபிள்யூமெம் உச்சத்தையும் 16 எம்பி ஆக்கியிருந்தார்கள். மெதுவான இணைப்பில் பார்க்கும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் அனுப்பாத வீடியோ அவ்வளவு வரை தேங்கலாம். நேரலையில் பழைய காட்சியை யார் கேட்டார்கள்?

டிசிபி_மெம் வரியை நீக்கி மறுதொடக்கம் செய்தேன், அனுப்பும் பஃபரை 512 கேபியில் நிறுத்தினேன். சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில், நேரலைச் சேவைக்கு மெமரிமேக்ஸ் என்ற நினைவக உச்ச வரம்பும் வைத்தேன். நிரல்களைக் குழுவாக்கி வரம்பு போடும் கர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் சாக்கெட் நினைவகமும் அந்தக் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு மூன்று முகூர்த்தம் ஒழுங்காகப் போனது, திரும்பவும் 8 ஜிபியிலேயே.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “எல்லா கஸ்டமருக்கும் இதே செட்டிங்தான் சார் போடுறோம், யாரும் கம்ப்ளைண்ட் பண்ணதில்ல” என்று பதில் வந்தது. உங்கள் சர்வரை யாராவது இப்படித் தொட்டிருந்தால், டிசிபி_மெம்மின் மூன்றாவது எண்ணை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.