ஏற்காட்டில் ஹோட்டல் வேலைக்கு ஆள் எடுத்த அனுபவம்: எந்த வழியில் வந்தவர்கள் தங்கினார்கள்?

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. காலையில் டிபன், மதியம் சாப்பாடு, ராத்திரி தோசை, பரோட்டா. கொரோனாவுக்கு முன்பிருந்தே நடத்துகிறோம். மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் விளக்குபவர், பார்சல் கட்டுபவர், கல்லாவில் உட்காருபவர் என்று எல்லா வேலைக்கும், இருக்கிற எல்லா வழியிலும் ஆள் எடுத்துப் பார்த்தாயிற்று. புதிதாகக் கடை போடுகிற நண்பர்கள் வாடகை, கேஸ் செலவு எல்லாம் விசாரித்து முடித்ததும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி "ஆளுக்கு என்னண்ணா பண்றீங்க?" என்பதுதான். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

மலைக்கடையின் கணக்கே வேறு. கீழே சேலத்தில் ஐந்து ரோட்டிலோ புது பஸ் ஸ்டாண்ட் பக்கமோ கடை வைத்திருப்பவருக்கு வாரம் முழுக்க வியாபாரம் ஓடும். இங்கே செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டுகிற அதே கடையில் சனிக்கிழமை மதியம் உட்கார இடமிருக்காது. ஏப்ரல், மே மாதங்களையும் கோடை விழா வாரத்தையும் கேட்கவே வேண்டாம். வாரக் கடைசிக்கு ஏற்ற மாதிரி ஆள் வைத்தால் வார நாளில் சம்பளம் கட்டுப்படியாகாது. வார நாளுக்கு ஏற்ற மாதிரி வைத்தால் சனி, ஞாயிறில் சாம்பார் வாளியோடு நானே ஓட வேண்டும். இதோடு தங்க இடமும் கொடுக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி சேலத்திலிருந்து தினமும் வந்து போகிறவர் யாரும் அதிக நாள் தாங்குவதில்லை. நாங்கள் ராத்திரி அடுப்பை அணைக்கும்போது கீழே போக பஸ்ஸும் இருக்காது.

முதலில் ஆப். வேலை தேடுகிற ஆப்பில் விளம்பரம் போட்டால் அன்றைக்கே போன் வரத் தொடங்கும். மதுரையிலிருந்து பேசுவார்கள், சென்னையிலிருந்து பேசுவார்கள். சம்பளத்துக்கு முன்னாடி ரூம் இருக்கிறதா என்பார்கள், அடுத்து டவர் கிடைக்குமா என்பார்கள். "நாளைக்கு வண்டி ஏறிடுறேன்ணா" என்று சொன்னவர்களில் பாதிப் பேர் ஏறுவதில்லை. வருகிறவர்களில் பெரும்பாலும் இளம் பையன்கள், சப்ளையர் வேலைக்கு. கூட்டம் இருக்கிற மே மாதம் வரைக்கும் உற்சாகமாக இருப்பார்கள், டிப்ஸும் கிடைக்கும். ஜூன் பிறந்து மழையும் பனிமூட்டமுமாகக் கடை வெறிச்சோடினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அந்த வயதில் தனியாக ஒரு மலையில் உட்கார்ந்திருப்பது சுலபமில்லை. சீசனுக்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால் ஆப் நல்ல வழி. வருடம் முழுக்க வேண்டுமென்றால் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் வழி எனக்குப் பிடிக்கவில்லை. ஆளை அனுப்பும்போதே அரை மாதச் சம்பளம் கமிஷனாக வாங்கிக்கொள்வார்கள். இத்தனை நாளுக்குள் நின்றுவிட்டால் வேறு ஆள் தருவோம் என்பார்கள். அந்தக் கெடு முடிந்த கையோடு ஆளும் போய்விடுவார். அடுத்த கடைக்கு அதே ஆளை அனுப்பினால் அதே கமிஷன் மறுபடி கிடைக்கும் என்பது ஏஜென்டுக்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும். இதில் கடைக்காரர் மட்டுமல்ல, வேலைக்காரரும்தான் நஷ்டப்படுகிறார். அவர் எந்த ஊரிலும் வேர் பிடிக்க முடியாது.

சேலம் கோரிமேட்டில், ஏற்காடு ரோட்டிலேயே, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்துவார்கள். அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் விளம்பரம் போடலாம், காசு கிடையாது. அங்கே வருகிற பிள்ளைகள் படித்தவர்கள், அவர்கள் தேடுவது வேறு மாதிரி வேலை. சமையல்கட்டுக்கு அங்கிருந்து ஆள் அமையவில்லை. ஆனால் பில் போடவும், ஆன்லைன் ஆர்டரையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளவும் ஒரு பெண் அமைந்தார், இன்றைக்கும் இருக்கிறார். கல்லாவுக்கு ஆள் தேடுகிறவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்க்கலாம்.

சேலத்துக் கேட்டரிங் கல்லூரிப் பையன்கள் சனி, ஞாயிறுக்கு வருவார்கள். பரிமாறுவதில் ஒரு சுத்தம் இருக்கும், வாடிக்கையாளரிடம் பேசத் தெரியும். பரீட்சை சமயத்தில் மட்டும் கிடைக்கமாட்டார்கள்.

எங்கள் கடை இன்றைக்கு நிற்பது மலைக் கிராமத்துப் பெண்களால். நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்கள். முதலில் நாகலூர் அக்கா ஒருவர் காய் நறுக்க வந்தார். கொஞ்ச நாளில் அவர் தன் நாத்தனாரைக் கூட்டி வந்தார். நாத்தனார் தன் தெருவிலிருந்து இன்னொருவரைக் கூட்டி வந்தார். நான் விளம்பரம் போடவில்லை, எந்த ஏஜென்டுக்கும் கமிஷன் தரவில்லை. கூட்டி வருகிறவருக்கு, புதியவர் மூன்று மாதம் வேலையில் இருந்தால் ஒரு தொகை கொடுக்கிறோம். ஏஜென்டுக்குப் போயிருக்க வேண்டிய பணத்தைவிட அது குறைவுதான். ஆனால் வேலை செய்கிறவர் கைக்கே போகிறது. அதைவிட முக்கியமாக, கூட்டி வந்தவர் பொறுப்பேற்றுக்கொள்கிறார். புதியவர் ஒருநாள் வரவில்லை என்றால் எனக்கு முன்னால் அக்காவுக்குக் காரணம் தெரிந்திருக்கும், "குழந்தைக்குக் காய்ச்சலுங்க, நாளைக்கு வந்துரும்" என்பார். மாற்று ஆளையும் அவரே ஏற்பாடு பண்ணியிருப்பார்.

இந்த வழியில் ஆள் எடுக்கிறவர் மலையின் வேலைக் காலண்டரைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம். எஸ்டேட்டில் எடைக்குக் கூலி, கை வேகமாக ஓடுகிற பெண்கள் அங்கே நன்றாகச் சம்பாதிப்பார்கள். அந்த மாதங்களில் கடைக்கு வா என்று வற்புறுத்துவது நியாயமில்லை. பறிப்பும், அதற்கடுத்து மிளகும் முடிந்து ஏப்ரல் பிறக்கும்போது எஸ்டேட்டில் வேலை குறையும், அப்போதுதான் எங்களுக்கு சீசன் தொடங்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிடுகிற மாதிரி அமைந்திருப்பது எங்கள் அதிர்ஷ்டம். இடிக்கிற இடம் ஒன்றுதான், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. அந்த நாட்களுக்கு நாங்கள் நாள் கூலியைக் கூட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

காலை நேரத்துக்குப் பெண்கள் கிடைப்பது முன்பு கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வருவார்கள், அதற்குள் டிபன் நேரம் பாதி போயிருக்கும். 2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபின் எங்களுக்கு அது நேரடியாகவே தெரிந்தது. பிள்ளை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக்கொள்கிறது, அம்மா சீக்கிரம் கிளம்ப முடிகிறது. இன்னொரு நன்மையும் வந்தது. அந்தத் திட்டத்தில் சமைக்கிற மகளிர் சுய உதவிக் குழு அக்கா ஒருவர் சனி, ஞாயிறு எங்களிடம் வருகிறார். பள்ளிக்கு லீவு, எங்களுக்குக் கூட்டம். நிறையப் பேருக்கு ஒரே கையளவில் சாம்பார் வைத்துப் பழகியவர், உப்பு ஒருநாளும் முன்னே பின்னே போனதில்லை. குழம்பு, சாம்பார் வைக்கிற எங்கள் சரக்கு மாஸ்டரே வாரக் கடைசி சாம்பாரை அவரிடம் விட்டுவிட்டார்.

பாத்திரம் விளக்குகிற இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த ஹோட்டலிலும் ஆள் முதலில் வேலையை விட்டுப் போவது அங்கேதான். ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். கை வெடித்து, சோப்பு பட்டு எரிந்து, அதோடு எண்ணெய்ச் சட்டி தேய்க்கச் சொன்னால் யார் இருப்பார்கள்? தொட்டிக்கு வெந்நீர்க் குழாய் இழுத்தோம், முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை வாங்கினோம், நிற்கிற இடத்தில் ஈரம் தேங்காத மாதிரி மரப்பலகை போட்டோம். அதன்பிறகு அந்த வேலையில் இருந்த அம்மா விட்டுப் போகவில்லை. சம்பள உயர்வைவிட அந்த வெந்நீர்தான் அவரை இங்கேயே இருக்க வைத்தது என்று அவரே சொன்னார். அங்கே நிற்கிறவர் ஒருநாள் வராவிட்டால் மாஸ்டர் சட்டிக்குக் காத்திருப்பார், சப்ளையர் தட்டுக்குக் காத்திருப்பார், கடையே நின்றுபோகும்.

வடக்கத்திப் பையன்கள் இல்லாமல் இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஹோட்டல் தொழில் இல்லை. எங்களிடம் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது, ஜங்ஷனில் இறங்கி நேராக மலை ஏறிவிடுவார்கள். இவர்களும் ஒருவர் இன்னொருவரைக் கூட்டி வந்தவர்கள்தான், அண்ணன் தம்பி, ஒரே ஊர்க்காரர்கள். ஊருக்குப் போனால் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் போகும்போது இன்னொருவர் இருக்கிற மாதிரி முறை வைத்துக்கொண்டார்கள், அதையும் அவர்களே பேசி முடிவு செய்தார்கள்.

2023 மார்ச்சில் ஒரு சோதனை வந்தது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தமிழகக் காவல் துறை அவை பொய் என்று அறிவித்தது. ஆனால் ஜார்க்கண்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? பையன்களுக்கு வீட்டிலிருந்து போன் மேல் போன், ஹோலி வேறு நெருங்கியது. நாங்கள் வீடியோ கால் போட்டு, கடையையும் ரூமையும் காட்டி, நாகலூர் அக்காவையும் பேச வைத்தோம். அக்காவுக்கு இந்தி தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் சிரித்தார்கள், கையாட்டினார்கள், அவ்வளவுதான். ஒருவன் மட்டும் ஹோலிக்குப் போய்விட்டு வந்தான், மற்றவர்கள் இருந்தார்கள்.

அடுத்த வருடம், 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கீழேயிருந்து காய் வரவில்லை, ஆளும் வரவில்லை. மலையிலேயே இருந்த பெண்களும் ரூமில் தங்கியிருந்த பையன்களும் சேர்ந்து, இருக்கிற அரிசி பருப்பை வைத்து, ஏற்காட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். தங்க இடம் கொடுப்பதைச் செலவாக மட்டும் பார்க்கிற கடைக்காரர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ரூம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் ரூமில் மூட்டைகளுக்கு நடுவே பாய் போட்டுக் கொடுப்பது ரூம் ஆகாது. கட்டில், கம்பளி, பூட்டுகிற பெட்டி, வெந்நீர், சார்ஜ் போட ஆளுக்கொரு பிளக். வாரம் ஒருநாள் லீவு, அதை வார நாளில் கொடுக்கிறோம். சம்பளத் தேதி தள்ளிப்போகக் கூடாது. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக்கடைகளை வைத்துத்தான் அது அதிகம் பேசப்பட்டது. எங்கள் சப்ளையர்களுக்கும் ஸ்டூல் போட்டிருக்கிறோம். கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்து வாடிக்கையாளர் யாரும் முகம் சுளித்ததில்லை.

எழுத்து வேலையில் சோம்பல் கூடாது. உணவைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைச் சான்று வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட வேண்டும். இரண்டுக்கும் செலவு கடையுடையது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு கட்டாயம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்குப் பொருந்தும். நம் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75 சதவீதம். முதலில் சம்பளத்தில் பிடிக்கிறார்களே என்று முணுமுணுப்பு இருந்தது. கார்டில் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு என்று ஒருவருக்குப் பயன்பட்டபின் புதிதாக வருகிறவர்களே கார்டு எப்போது வரும் என்று கேட்கிறார்கள். ஹோட்டல் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் உண்டு, அதில் விலைவாசியைப் பொறுத்த பஞ்சப்படி ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும். அதைப் பார்த்துச் சம்பளத்தை மாற்றிவிடுங்கள், அவர்கள் கேட்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பரோட்டா மாஸ்டர் விஷயம் மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. நல்ல மாஸ்டருக்கு நாள் கூலி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அதைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அந்தச் சூட்டில் கல்லுக்கு முன்னால் நிற்கிற உழைப்புக்கு அது தகும். பிரச்சினை அட்வான்ஸ். பெரிய தொகை அட்வான்ஸாகக் கேட்பார்கள், அதைக் கழித்து முடிக்கிற வரை இருப்பார்கள், அதற்குள் வேறு கடை அதைவிடப் பெரிய தொகையைக் காட்டிக் கூப்பிடும். கடனைக் காட்டி ஒரு ஆளைப் பிடித்துவைப்பது 1976-லேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்ட கொத்தடிமை முறைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அதனால் நாங்கள் அட்வான்ஸ் தருவதில்லை, வாரச் சம்பளம் தருகிறோம். ஆஸ்பத்திரி, பிள்ளை ஃபீஸ் என்று வந்தால் கைமாற்றாகக் கொடுக்கிறோம், அதற்கும் வேலைக்கும் முடிச்சுப் போடுவதில்லை. இதற்கு ஒத்துக்கொள்கிற மாஸ்டர்கள் குறைவு. இப்போது செம்மடுவிலிருந்து வந்த தம்பி ஒருவன் வார நாட்களில் மாவு பிசைந்து, உருட்டி, வீசக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்கு அதற்கென்று தனியாகப் பணம் தருகிறோம். வீச்சு நன்றாக வந்துவிட்டது, கல்லில் திருப்புகிற பக்குவம் இன்னும் வர வேண்டும். இந்த சீசனில் செவ்வாய், புதன் ராத்திரிகளில் கல்லை அவனிடம் விடப்போகிறோம்.