டிடிகே சித்ரா இதய வால்வு: வாங்குமுன் தெரிய வேண்டியவை

சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்த வாதக்காய்ச்சல் (ருமாட்டிக் காய்ச்சல்) இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்களை ஒட்டவைத்துத் தடிக்க வைத்துவிடும். பலூன் போட்டு விரிக்க முடிகிற நிலையில் அந்த வால்வு இருந்தால் எந்தச் செயற்கை வால்வும் வேண்டாம். சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டாலோ கசிவு அதிகமானாலோதான் மாற்று வால்வுப் பேச்சே வரும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவானது சித்ரா வால்வு. முதல் மூன்று வடிவங்கள் தேறவில்லை. நான்காவதுதான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தயாரிப்பைச் சென்னை டிடிகே குழுமம் ஏற்றது. விலை இறக்குமதி வால்வுகளைவிடக் கணிசமாகக் குறைவு.

கோபால்ட்-குரோமியம் உலோகக் கூடு, அதற்குள் சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தட்டு, சுற்றிலும் தையல் போடத் துணி வளையம், அவ்வளவுதான் அமைப்பு. கூட்டில் பற்றவைப்பு கிடையாது, ஒரே கட்டியிலிருந்து கடைந்தது. பியோர்க்-ஷைலி என்ற பழைய வெளிநாட்டு வால்வின் ஒரு மாடலில் பற்றவைத்த கம்பி முறிந்து தட்டு கழன்றதால்தான் 1986இல் அது விற்பனையிலிருந்தே போனது. எந்த வால்வின் கூடும் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி முறை அடிவாங்கும் இடம். சித்ராவின் தட்டு பாலியெத்திலீன் என்பதால் 'டிக்' சத்தமும் குறைவு. ராத்திரி தூங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அதே பிளாஸ்டிக்தான் ஒரு குறையும். எக்ஸ்ரே திரையில் தட்டு தெரியாது. ஆகவே ரத்தக்கட்டி அடைத்துத் தட்டு சிக்கிய சந்தேகம் வந்தால் எக்கோ எனும் இதய ஸ்கேனை, முக்கியமாக உணவுக்குழாய் வழி எக்கோவைத்தான் நம்ப வேண்டும். இரட்டை இதழ் வால்வில் ஒரு இதழ் சிக்கினாலும் மற்றது ஓரளவு வழிவிடும். இங்கே ஒற்றைத் தட்டு நின்றால் முழுப்பாதையும் போச்சு. பழகிய சத்தம் மங்கி, மூச்சும் வாங்கினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

உலோக வால்வின் நிஜமான செலவு ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரையும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும்தான். மைட்ரல் இடத்தில் வால்வு இருந்தால் ஐஎன்ஆர் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். மாலையில் ஒரே நேரத்தில் போடுங்கள், மறந்த மாத்திரையை மறுநாள் சேர்த்து இரட்டிப்பாக்காதீர்கள். முருங்கைக்கீரையை விலக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும். மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் ஐஎன்ஆரை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். டாபிகட்ரான், அபிக்சபான் போன்ற புது மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது. ஐஎன்ஆர் பார்க்கும் லேப் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர் இந்த வால்வை எடுக்குமுன் இருமுறை யோசிக்கட்டும். குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும், முதல் மூன்று மாதங்களில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். மாற்றாக, விலங்குத் திசுவில் செய்த திசு வால்வு போட்டால் இளவயதில் அது சீக்கிரம் தேய்ந்து மறு ஆபரேஷன் வரும், அதையும் கணக்கில் எடுங்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று: வால்வு மாற்றினாலும் வாதக்காய்ச்சல் திரும்ப வராமலிருக்கப் போடும் மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி தானாக நின்றுவிடாது. ரத்தம் நீர்க்கும் மாத்திரையோடு இடுப்பில் ஊசி போட்டால் ரத்தம் கட்டலாம். தினசரி பென்சிலின் மாத்திரைக்கு மாறலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். பல் பிடுங்கப் போகும்போது வால்வு விவரம் உள்ள அட்டையைக் காட்டுங்கள், வால்வில் கிருமித் தொற்று வராமலிருக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் தேவைப்படும்.